பாட்டு பென் டிரைவும் பொன்விழா மலரும்

மவுசைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருக்கும் மூடியைத் திருகி, உள்ளேயிருந்து ரப்பர் குண்டை எடுத்து, சின்ன உருளைகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டியவர்கள் எல்லாரும் இப்படி வந்து உட்காருங்கள். மற்றவர்களிடம் இதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "மவுசுக்குள்ள குண்டா?" என்று கேட்டுவிட்டு, நான் ராஜா காலத்துக் கதை சொல்வதுபோல் பார்த்தாள். காதோரம் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இவ்வளவு சீக்கிரம் கிழவியாக்கி மூலையில் உட்கார வைப்பது அநியாயம்.

போன வாரம் அவளுடைய லேப்டாப்பில் ஏதோ புகுந்துகொண்டது. தொட்ட இடமெல்லாம் விளம்பரம் முளைத்தது. இன்டர்நெட்டைத் துண்டித்தேன், வேண்டாததை நீக்கினேன், ஸ்கேன் ஓடவிட்டேன், அவளுடைய பாஸ்வேர்டுகளை எல்லாம் என் போனிலிருந்து மாற்றினேன். ஒரு மதியம் போனது. முடிந்ததும் "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் ஸ்கேன் ஓடிய நேரம் முழுக்க நான் நாற்காலியை விட்டு எழாதது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாத ஒரு சின்னம்மாவை எனக்குத் தெரியும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் ஒன்பதாவது படித்தேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தக்காளி வெள்ளாமை. விடிந்தால் மண்டிக்குப் போகும் டெம்போ, திரும்பினால் காலிப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் அறையில்தான் அண்ணன் காலேஜ் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரும் இருந்தது. அறைக்குள் நுழைந்தால் நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாசனையும், சூடான மானிட்டரின் வாசனையும் சேர்ந்து அடிக்கும். மானிட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள் அம்மா. உறையை எடுத்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கைமுடி எல்லாம் எழுந்து நிற்கும். அதற்காகவே நான் அடிக்கடி உறையை எடுப்பேன். கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும். அதை எங்கள் வீட்டில் யாரும் சட்டை செய்ததில்லை, சின்னம்மா வரும்வரை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. கல்யாணம் ஆன வருஷம் ஆடி மாசம் பெண்ணை அழைத்து வருவது வழக்கம் இல்லையா, அப்படி அப்பாவே போய் அழைத்து வந்தார். ஆடி முடிந்தது. ஆவணி வந்தது. சின்னம்மா கிளம்பவில்லை. சின்னப்பாவின் வீட்டிலிருந்தும் யாரும் வந்து கூப்பிடவில்லை.

அந்த வீட்டில் அடி உதை எதுவும் கிடையாது. அதனால்தான் பெரியவர்களுக்கு விஷயம் புரியவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவிடம் அவள் சொன்னதைப் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டே நானும் கேட்டேன். "பேசினா பதில் சொல்ல மாட்டாங்கக்கா. சோறு போடட்டுமான்னா பதில் இல்ல. கடைக்குப் போவட்டுமான்னா பதில் இல்ல. சொவுத்துக்கிட்டப் பேசற மாதிரியே இருக்கும்." வேலைக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னதற்குத் தண்டனையாம் இது. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "எல்லா வூட்லியும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும் பாப்பா" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

சின்னம்மா கல்யாணத்துக்கு முன்னால் தர்மபுரியில் டிடிபி படித்தவள். எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளைப் போட்டு, ஊரில் காதுகுத்து பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ் என்று அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே, விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். பிறகுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பொன்விழா வந்தது. விழாக் குழுவில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒரு கட்டுத் தாள்களோடு வந்து, பொன்விழா மலர் முழுவதையும் அடித்து, பக்கம் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். பழைய மாணவர்கள் எழுதியது, வாத்தியார்கள் எழுதியது, வாழ்த்துகள், விளம்பரங்கள். கையெழுத்தெல்லாம் காக்காய் கிறுக்கல்.

"முடியுங்க சார்" என்றாள் சின்னம்மா. அப்பா இருக்கும்போதே சொன்னாள்.

அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவிடம் பேச்சை எடுத்தார். சின்னம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் எதையும் அம்மா வழியாகத்தான் சொல்வார். "உன் தங்கச்சி அந்த மலரை முடிக்கட்டும். சொந்தக் கால்ல நிக்க முடியும்னா நிக்கட்டும், நான் தடுக்கல. முடியலன்னா மரியாதையா அங்கியே போயிடறது நல்லது. நாளப்பின்ன ஊரு என்னைத்தான் கேக்கும்." சின்னம்மா தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அந்த மலர் வெறும் மலராக இல்லை. அது முடிந்தால் அவள் இருப்பாள், முடியாவிட்டால் போவாள். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். யூபிஎஸ் கத்தினால் நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி, "சேவ் பண்ணிட்டீங்களா சின்னம்மா?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

விழாவுக்கு முந்தின வாரம். கடைசிப் பக்கங்கள் மட்டும் பாக்கி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சின்னம்மா கம்ப்யூட்டர் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லாவற்றையும் போட்டு வைக்கும் டி டிரைவில் மலர் என்று பெயர் போட்ட மஞ்சள் ஃபோல்டரைக் காணோம். பத்திரிகைகள் வைத்திருந்த ஃபோல்டரையும் காணோம். அண்ணனுடைய படிப்பு, நான் பெயின்ட்டில் வரைந்த மயில், எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக யாரும் உண்டாக்காத ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைத் திறந்தால் திரை ஒருமுறை இமைத்துவிட்டு, இன்னொன்று முளைத்தது. மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்தது. சின்னம்மா அழவில்லை. "தண்ணி எடுத்துட்டு வாயேன்" என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வைரஸுங்க, எல்லாத்தையும் அழிச்சிடும், மத்ததுக்கும் பரவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பரவும் என்ற சொல் போதுமே அப்பாவுக்கு. தக்காளிக்காரரிடம் அதைச் சொல்லலாமா?

அப்பாவின் வேலைமுறையைச் சொன்னால்தான் மீதி புரியும். தோட்டத்தில் ஒரு செடிக்கு இலை சுருண்டால் அப்பா அதற்கு மருந்து தேட மாட்டார். அந்தச் செடி தேறாது. வேரோடு பிடுங்கி, பக்கத்துச் செடியில் உரசாமல் சாக்கில் போட்டுக் கட்டி, வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புதைப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றங்காலுக்குள் யாரும் நுழையக் கூடாது. பார்த்துக்கொண்டே நின்றவர்களின் காடு மொத்தமும் போனதை அவர் பார்த்திருக்கிறார். தோட்டத்தில் அவர் செய்தது சரிதான்.

அதையே வீட்டுக்குள்ளும் செய்தார். முதலில் டிவியைத் தூக்கி நடுவீட்டுக்குக் கொண்டுபோனார், ஏனென்றால் கம்ப்யூட்டரும் டிவியும் ஒரே சுவிட்ச் போர்டில் இருந்தன. அடுத்து டேப் ரெக்கார்டர். அடுத்து அம்மாவின் மிக்ஸி. கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்த சிடிக்களை எல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினார். அண்ணனுடைய கேம் சிடிதான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "நீ பேசாத" என்று முடித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க மிக்ஸி கொல்லைப்புறத் திண்டில் வெயில் காய்ந்தது. அம்மா அம்மியில் அரைத்த சட்னி நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிரிப்பாக இருக்கிறது இப்போது. ஆனால் அதே கையோடு அவர் இன்னொன்றும் செய்தார். சின்னப்பாவுக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுங்க மாப்ள. இங்க அந்த வேலையெல்லாம் சரிப்பட்டு வரல." போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "கெட்டுப் போனதை வெச்சுக்கிட்டு அழுவக் கூடாது. உள்ளதை முழுசா அழிச்சுட்டுப் புதுசாப் போடச் சொல்லி சர்வீஸ்காரன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார். சின்னம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. வாழ்க்கையிலும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் நட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார், அவ்வளவுதான். எங்கே நடுகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அப்பாவைப் பிடிக்கவே இல்லை.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்லச் சின்னம்மாவுக்கு வாய் வரவில்லை. அவர் கொடுத்த தாள்கள் அவளிடமே இருந்தன, உண்மைதான். ஆனால் மாசக்கணக்கில் அடித்ததை வாரக் கடைசிக்குள் திரும்ப அடிக்க யாரால் முடியும்? அச்சகம் வேறு காத்துக்கொண்டிருந்தது.

சர்வீஸ்காரர் சனிக்கிழமை காலையில் பைக்கில் வந்தார். கழுத்தில் மாட்டிய பையில் சிடிக்கள், ஒரு ஸ்குரூ டிரைவர், வாய் நிறையப் பேச்சு. பெட்டியைத் திறந்து, உள்ளே அடைந்திருந்த தூசியை வாயால் ஊதி, தும்மிவிட்டு, "இதுக்குள்ள கோழி வளக்கறீங்களாண்ணா?" என்று அப்பாவைக் கேட்டார். மெஷினை ஓட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணியும் மிச்சம் இல்லீங்க. பார்மட் பண்ணிடறேன். புதுசு மாதிரி ஆயிடும்."

"பண்ணிடுங்க" என்றார் அப்பா.

சர்வீஸ்காரர் தன் சிடியை எடுத்துத் துணியில் துடைத்தார். அதுவரை பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்த சின்னம்மா எழுந்து வந்தாள். "ஒரு நிமிஷம் இருங்கண்ணா. அந்த டி டிரைவ்ல எவ்ளோ எடம் காலியா இருக்குதுன்னு காட்டுங்க."

"அதுல என்னாங்க இருக்கப் போவுது?"

"காட்டுங்களேன்."

அவர் எதையோ அழுத்தினார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீலமும் ரோஸ் நிறமுமாக ஒரு வட்டம் வருமே, நிரம்பியது நீலம், காலி ரோஸ். வட்டத்தில் பாதிக்கு மேல் நீலமாக இருந்தது.

"அழிஞ்சு போச்சுன்னா இவ்ளோ நீலம் எதுக்குங்கண்ணா?" என்றாள் சின்னம்மா. "போன வாரமும் இதே அளவுதான் இருந்துச்சு. நான் தெனமும் பாப்பேன். எடம் பத்தாமப் போயிடுமோன்னு பயந்துக்கிட்டுப் பாப்பேன்."

சர்வீஸ்காரர் சிடியைக் கீழே வைத்தார். வட்டத்தையே பார்த்தார். "அட, ஆமாங்க" என்றார். பேச்சு நின்றது. அது ஒன்றே நல்ல சகுனமாகத் தோன்றியது எனக்கு. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, எங்களுக்குப் புரியாத ஒரு வரியை அடித்தார். எதுவும் நடக்கவில்லை. பிழையைத் திருத்தி மறுபடி அடித்தார். வெள்ளைக் கோடு துடித்துக்கொண்டே இருந்தது. அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். பிறகு அவர் பழைய திரைக்குத் திரும்பி டி டிரைவைத் திறந்தார்.

மஞ்சள் ஃபோல்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பத்திரிகைகள். அண்ணன். மயில். மலர்.

"அழிக்கல, ஒளிச்சுத்தான் வெச்சிருக்குது சனியன்" என்றார் சர்வீஸ்காரர். சின்னம்மா அவர் கையிலிருந்து மவுசை ஏறக்குறையப் பிடுங்கி, மலரைத் திறந்து, பக்கம் பக்கமாக ஓட்டினாள். எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன. கடைசியாக அடித்த பக்கத்தில் ஒரு வாத்தியாரின் வாழ்த்து பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மாவும் அழுதாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் படவில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சுத்தம் செய்யும் வேலை. முதலில் மலரை இரண்டு சிடிக்களில் எழுதி வாங்கினாள் சின்னம்மா. ஒன்றை அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். அதற்கப்புறம்தான் பார்மட் பண்ண விட்டாள். ஆன்டி வைரஸ் போட்டார்கள். எதைச் செருகினாலும் தானாகத் திறந்துகொள்ளும் வசதியை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வைத்தார்கள். "வூட்ல இருக்கற பென் டிரைவ், சிடி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க, அதுலதான் வந்திருக்கும்" என்றார் சர்வீஸ்காரர்.

அப்பா சாக்கை அவிழ்த்து அண்ணனுடைய கேம் சிடியைத்தான் முதலில் நீட்டினார். ஒன்றும் இல்லை. இரண்டாவது சிடி, ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு சின்னம்மா மெதுவாக, "டெம்போவுல ஒரு பென் டிரைவ் இருக்குதுங்க" என்றாள். அது அப்பாவுடையது. டெம்போவில் பாட்டு கேட்க பாலக்கோட்டில் ஒரு மொபைல் கடையில் பழைய பாட்டுகளை ஏற்றி வாங்கியது. இன்னும் நாலு பாட்டு சேர்த்துத் தரச் சொல்லி அவர்தான் சின்னம்மாவிடம் கொடுத்திருந்தார். அவர் கேட்டு அவள் எதை மறுப்பாள்?

அதைச் செருகியதும் ஆன்டி வைரஸ் கீச்சுக் குரலில் அலறியது. சிவப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன. எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்.

"நல்ல பாட்டாத்தானே போட்டுக் குடுத்தான்" என்றார் அப்பா.

அண்ணன் சாக்கிலிருந்து தன் சிடியை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அப்பாவும் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் சூடான போண்டாப் பொட்டலம் இருந்தது. அதை நேராகச் சின்னம்மாவிடம் நீட்டினார். டிவியைத் தானே தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். இனிமேல் யாருடைய பென் டிரைவும் தன்னைக் கேட்காமல் உள்ளே வரக் கூடாது என்று கண்டிப்பாக அறிவித்தார். கொண்டுவந்தவர்கள் கையையும் கழுவ வேண்டும் என்றார். அது எதற்கு என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

அம்மாதான் ஞாபகப்படுத்தினாள். "நாளைக்கு அவங்க வர்றாங்களே. போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க."

அப்பா போனைப் பார்த்தார். சின்னம்மா போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு, "வரட்டுங்க மாமா. நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பா தன் அண்ணனோடு காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. அம்மா காபி கொடுத்தாள். சின்னம்மா கடைசிப் பக்கத்தை முடித்து, மலரைப் புது சிடியில் எழுதிவிட்டுத்தான் வந்தாள். அதுவரை விசைகளின் சத்தம் நடுவீடுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. வந்து நின்றதும் சின்னப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"கெளம்பலாமா?"

"நான் வரலீங்க."

"எதுக்கு?"

"பாத்தீங்களா" என்றாள் சின்னம்மா, நிதானமாக. "இப்பதான் எனக்கு ஒரு கேள்வியாவது கேட்டிருக்கீங்க. அங்க இருந்தப்ப நான் கேட்டதுக்கு ஒரு பதிலும் வந்ததில்லீங்க. என்னால அப்படி இருக்க முடியல. எனக்கு வேல இருக்குது, இங்கியே இருந்துக்கறேன்."

சின்னப்பா தரையைப் பார்த்தார். அவருடைய அண்ணன் அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வரச் சொன்னீங்க?"

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். "நான்தாங்க சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அது சொல்றதுதாங்க முடிவு. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர்கள் சாப்பிடாமலே போனார்கள். காரின் தூசி அடங்கும் முன்பே ஹெட்மாஸ்டர் சிடியை வாங்கிக்கொண்டு போக வந்துவிட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சிடியைச் சட்டைப் பைக்குள் வைக்க முயன்று, அது நுழையாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மலர் விழாவுக்குச் சரியாக வந்தது.

அன்று மதியம் சின்னம்மா நடுவீட்டில் ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துத் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆடியிலிருந்து பகலில் அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை. அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். நான் அவளைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனேன். அப்போது வாசலில் டெம்போ வந்து நின்றது. பெட்டி ஏற்ற வந்த டிரைவர் வழக்கம்போல் ஹாரனை நீளமாக அடித்தார். நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா துள்ளி எழுந்து, செருப்புகூடப் போடாமல் வெயிலில் ஓடினார்.

"ஹாரன் அடிக்காதய்யா" என்றார் தாழ்ந்த குரலில். "புள்ள தூங்குது."